ஹூக்ளிக் கரையில் பிறந்த வெளியுறவுத் துறை

கொல்கத்தா: இந்திய வெளியுறவு அமைச்சகம் என்றதும் புது தில்லி ரைசினா குன்றின் மீதுள்ள சவுத் பிளாக் கட்டடமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அத்துறை பிறந்தது தில்லியில் அல்ல. 1783-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள வில்லியம் கோட்டையில் நிறைவேற்றப்பட்ட ஒரு தீர்மானமே அதன் பிறப்புச் சான்றிதழ்.

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விடுதலையும் வெளியுறவு அமைச்சகமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன. 1957-ல் கானா விடுதலை பெற்றபோது பிரதமர் குவாமே என்க்ருமாவே வெளியுறவுப் பொறுப்பையும் ஏற்றார். இந்தியாவிலோ விடுதலைக்கு 164 ஆண்டுகளுக்கு முன்பே அத்துறை தோன்றிவிட்டது. அதைத் தோற்றுவித்தது ஓர் அரசுகூட அல்ல. வாணிபம் செய்ய வந்த ஒரு கம்பெனி.

1911-ல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்படும்வரை, 128 ஆண்டுகள் கொல்கத்தாவே அத்துறையின் தலைமையிடம். காபூல் முதல் ஜான்ஸிபார் வரை பிறருடைய எல்லைகளை இங்கிருந்த அதிகாரிகள் வகுத்தனர். விடுதலைக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. தன் வாசலை ஒட்டியுள்ள எல்லையையும் ஆற்றையும் பற்றித் தில்லி எடுக்கும் முடிவுக்காக இதே நகரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கச்சத்தீவு விவகாரத்தை அறிந்த தமிழக வாசகர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

கடலூரிலிருந்து வந்த நெருக்கடி

1783-ல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு இருந்த தொல்லைகளில் பெரும்பகுதி தமிழகத்திலிருந்து வந்தவையே. புள்ளலூர்ப் போரில் 1780-ல் கம்பெனிப் படையை ஹைதர் அலி முறியடித்திருந்தார். அவர் 1782 டிசம்பரில் இறந்த பின்னர் திப்பு சுல்தான் போரைத் தொடர்ந்தார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்ற செய்தி வந்த பிறகே அந்த முற்றுகை முடிவுக்கு வந்தது. மராத்தியருடன் சால்பாய் உடன்படிக்கை அப்போதுதான் கையெழுத்தாகியிருந்தது. போதாக்குறைக்கு, சென்னையில் இருந்த கவர்னர் மெகார்ட்னிக்கும் கொல்கத்தாவுக்கும் ஒத்துப்போகவில்லை.

இத்தனை கடிதப் போக்குவரத்தையும் ஒரே அலுவலகத்தால் சமாளிக்க இயலவில்லை. கம்பெனியின் ரகசிய, அரசியல் அலுவல்களின் சுமையைக் குறைக்கவே தனித் துறை ஒன்று தேவைப்பட்டது. தொலைநோக்குக் கொள்கை எதுவும் இதன் பின்னணியில் இல்லை. தீராத கோப்புகளே காரணம்.

அதே 1783 செப்டம்பரில்தான் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய தூதர் சாமுவேல் டர்னர் திபெத்தின் தாஷில்ஹுன்போ மடத்தைச் சென்றடைந்தார். அதற்கு முன் 1774-ல் ஜார்ஜ் போகிள் என்ற இளம் அதிகாரி அங்கு சென்று பஞ்சன் லாமாவின் நட்பைப் பெற்று வந்திருந்தார். அந்த நட்பின் சாட்சி இன்றும் ஹௌரா பகுதியில் உள்ள குசுரியில் நிற்கிறது. கங்கைக் கரையில் தம் நாட்டவர் வழிபட ஓர் இடம் வேண்டும் என்று பஞ்சன் லாமா கேட்க, ஹேஸ்டிங்ஸ் நிலம் வழங்க, எழுந்ததே போட் பகான் மடம். இரு தரப்புக்கும் இடையே தூது நடந்தவர் பூரண்கிர் என்ற கோசாயி துறவி. ஆங்கிலேயத் தூதர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. வழி அறிந்து, மொழி அறிந்து அவர்களை அழைத்துச் சென்ற இந்தத் துறவியை நினைவுகூர்வோர் சிலரே.

யார் அந்நியர்?

புதிய துறையின் சொல்லாட்சி இன்றைய வாசகர்களைத் திகைக்க வைக்கும். மைசூர், ஐதராபாத், நேபாளம், பர்மா, பாரசீகம் முதலிய ஆசிய அரசுகளுடனான உறவு 'அரசியல்' அலுவல் எனப்பட்டது. ஐரோப்பிய நாடுகளுடனான உறவு மட்டுமே 'அயலுறவு'. அதாவது, தொலைவில் உள்ள காபூல் அயலகம் அல்ல. வில்லியம் கோட்டையிலிருந்து ஆற்று வழியே ஒரு நாளில் சென்றுவிடக்கூடிய சந்தன்நகர் அயலகம். ஏனெனில் அது பிரெஞ்சுக்காரர்களுடையது.

ஹூக்ளிக் கரை முழுவதும் அப்போது இத்தகைய அயலகங்கள் வரிசையாக இருந்தன. சின்சுரா டச்சுக்காரர்களிடமும், செராம்பூர் டென்மார்க் நாட்டிடமும் இருந்தன. 1824 உடன்படிக்கையின்படி மறு ஆண்டு சின்சுரா ஆங்கிலேயரிடம் வந்தது. 1845-ல் செராம்பூரை டென்மார்க் விற்றது. அதே விற்பனைப் பத்திரத்தில் இன்னோர் ஊரும் இருந்தது: தமிழகத்தின் தரங்கம்பாடி. இரண்டுக்கும் சேர்த்துப் பேசப்பட்ட விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.

சந்தன்நகர் மட்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நீடித்தது. 1910-ல் கொல்கத்தா காவல்துறையின் கண்ணுக்குத் தப்பிய அரவிந்தர் முதலில் அங்கேதான் சென்றார். பின்னர் அங்கிருந்து மற்றொரு பிரெஞ்சு நிலமான புதுச்சேரிக்கு ஏப்ரல் 4-ம் தேதி வந்து சேர்ந்தார். 'அயலகம்' என்ற சொல் விடுதலைப் போராளிகளுக்கு அடைக்கலம் என்ற பொருளைத் தந்த காலம் அது.

செயலரின் கல்லறை

தொடக்கத்தில் துறையின் மொழி பாரசீகம். இந்திய முன்ஷிகள் கடிதங்களைப் படித்து, மொழிபெயர்த்து, பதில் வரைந்தனர். செயலர் பதவியில் மட்டும் 1947 வரை ஓர் இந்தியர்கூட அமரவில்லை. அந்தப் பதவிக்கு இருந்த செல்வாக்கு அத்தகையது. பிற்காலத்தில் மற்ற துறைகளுக்கு வைஸ்ராயின் நிர்வாக சபையில் தனி உறுப்பினர்கள் இருந்தனர்; வெளியுறவை மட்டும் வைஸ்ராய் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். எனவே அவருக்கு நேரடியாக ஆலோசனை கூறும் செயலர், சபை உறுப்பினர்கள் பலரைவிட வலிமை பெற்றவராக விளங்கினார்.

அந்த வலிமை எத்தகைய விபரீதத்தில் முடியும் என்பதற்கு வில்லியம் ஹே மெக்நாட்டன் சாட்சி. 1809-ல் சென்னைக் குதிரைப் படையில் சேர்ந்து, பின்னர் வங்காள சிவில் பணிக்கு மாறியவர் அவர். பல இந்திய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தவர். ரகசிய, அரசியல் துறையின் செயலராக இருந்தபோது, ஆப்கானிஸ்தானத்தில் தோஸ்த் முகமதுவை அகற்றிவிட்டு ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்தும் திட்டத்தை முன்னின்று வகுத்தார். 1838 அக்டோபரில் போர்ப் பிரகடனம் வெளியிடப்பட்டது. திட்டம் தீட்டிய செயலரே தூதராகக் காபூலுக்கு அனுப்பப்பட்டார்.

1841 டிசம்பர் 23-ல் பேச்சுவார்த்தைக்குச் சென்ற இடத்தில் மெக்நாட்டன் கொல்லப்பட்டார். சில நாள்களில் காபூலை விட்டுப் புறப்பட்ட சுமார் 16,000 பேரில் 4,500 பேர் படைவீரர்கள். மற்றவர்கள் உடன் சென்ற பணியாளர்களும் குடும்பத்தினரும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். பனியிலும் தாக்குதலிலும் அந்தக் கூட்டம் அழிந்தது. ஜனவரி 13-ல் ஜலாலாபாத் கோட்டையை வந்தடைந்த மருத்துவர் பிரைடனை ஆங்கிலேய ஓவியங்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. வழியில் விறைத்து மாண்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அத்தகைய ஓவியம் ஏதும் இல்லை.

மெக்நாட்டனின் கல்லறை கொல்கத்தா லோயர் சர்குலர் சாலை இடுகாட்டில் உள்ளது. அங்கு நின்று அவர் கதையைச் சொன்னால் மேலே கவிந்துள்ள மரம் நடுங்கும் என்பது இந்நகரில் உலவும் பேய்க் கதைகளில் ஒன்று.

போர் முடியும் தறுவாயில் பதவியேற்ற எல்லன்பரோ பிரபு, 1842-43-ல் தலைமைச் செயலகத்தை அயலுறவு, உள்துறை, நிதி, ராணுவம் என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலரை நியமித்தார். இன்றைய வெளியுறவுச் செயலர் பதவியின் நேரடி முன்னோடி இதுதான்.

ஆட்சியிழந்த மன்னர்களின் வாழ்வையும் இந்நகரம் பார்த்தது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் திப்புவின் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையிலிருந்து கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்குக் கொண்டுவரப்பட்டனர். தர்மதலாவில் உள்ள திப்பு சுல்தான் மசூதியை 1842-ல் கட்டியவர் அவருடைய இளைய மகன் குலாம் முகமது. அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் இங்கு வந்து, 1887-ல் இறக்கும்வரை மெட்டியாப்ருஸில் வாழ்ந்தார். அவரைப் பற்றிய கோப்புகள் அயலுறவுத் துறையிலேயே தொடர்ந்து சேர்ந்துகொண்டிருந்தன.

ஜான்ஸிபாருக்கு எழுதப்பட்ட தீர்ப்பு

கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு நாடு தனி நாடானதும் கொல்கத்தாவின் கோப்பினால்தான். ஓமனையும் ஜான்ஸிபார் தீவையும் சேர்த்து ஆண்ட சுல்தான் சையித் 1856-ல் இறந்தபோது, மஸ்கட்டில் இருந்த மகன் துவைனிக்கும் ஜான்ஸிபாரில் இருந்த மகன் மஜீதுக்கும் பூசல் மூண்டது. வழக்கு கவர்னர் ஜெனரல் கானிங்கிடம் வந்தது. 1861 ஏப்ரல் 2-ல் அவர் அளித்த தீர்ப்பு, நாட்டை இரண்டாகப் பிரித்தது. செல்வ வளம் மிக்க ஜான்ஸிபார், மஸ்கட்டுக்கு ஆண்டுதோறும் 40,000 கிரௌன் வெள்ளி தர வேண்டும் என்றும் விதித்தது.

கட்ச் பகுதி வணிகர்கள் ஜான்ஸிபாரின் சுங்க வருவாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த காலம் அது. பம்பாய்க்கும் அத்தீவுக்கும் இடையே நடந்த வாணிபம் கொல்கத்தாவின் கணக்கில் இல்லாமல் இருந்திருக்காது. அத்தீவு 1964-ல் டங்கனிக்காவுடன் இணைந்து தான்சானியா ஆனது.

ஹென்றி மார்ட்டிமர் டியூராண்ட் 1885 முதல் 1894 வரை செயலர். அவர் 1893 நவம்பர் 12-ல் காபூலில் ஆப்கன் அமீர் அப்துர் ரஹ்மானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி வகுக்கப்பட்ட கோடு, பஷ்தூன் மக்களின் நிலத்தை இரண்டாகக் கிழித்தது. 1947-க்குப் பின் வந்த ஆப்கன் அரசுகள் எதுவும் அதை எல்லையாக ஏற்கவில்லை. 2025 அக்டோபரிலும் அக்கோட்டில் துப்பாக்கிகள் முழங்கின. ஆனால் கொல்கத்தாவில் டியூராண்ட் என்றால் கால்பந்துதான். அவர் 1888-ல் சிம்லாவில் தொடங்கிய கோப்பைப் போட்டி 2019 முதல் இந்நகருக்கு வந்துவிட்டது. 2023 செப்டம்பரில் சால்ட் லேக் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை மோகன் பகான் வென்றபோது, கூடியிருந்த ரசிகர்களில் எத்தனை பேர் ஆப்கன் எல்லையை நினைத்திருப்பார்களோ!

1911 டிசம்பர் 12-ல் தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. அப்போது செயலராக இருந்த ஹென்றி மக்மகான், 1914-ல் திபெத் எல்லைக்கு வகுத்த கோடு சீனாவுடனான தகராறாக இன்னும் தொடர்கிறது. கோப்புகள் தில்லிக்குப் போயின. பெரும்பகுதி இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. எஸ்பிளனேடில் இருந்த அயலுறவு, ராணுவச் செயலகக் கட்டடத்தில் 1923-ல் இம்பீரியல் நூலகம் குடிபுகுந்தது. அதுவே பிற்காலத்தில் தேசிய நூலகமாகி, 1953-ல் அலிப்பூர் பெல்வெடேர் மாளிகையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த மாளிகைக்கு அருகில்தான் 1780-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம் சபை உறுப்பினர் பிலிப் பிரான்சிஸுடன் துப்பாக்கி ஏந்தி ஒற்றைக்கு ஒற்றை மோதினார். பெயர்களும் மாறின: 1914-ல் 'அயலுறவு மற்றும் அரசியல் துறை', 1937-ல் அது இரண்டாகப் பிரிந்தது.

வங்கத்தின் 'கச்சத்தீவு'

1946 செப்டம்பர் 2-ல் அமைந்த இடைக்கால அரசில் வெளியுறவை ஜவாஹர்லால் நேரு ஏற்றார். 1964 மே மாதம் மறையும்வரை அதை வேறு யாரிடமும் அவர் தரவில்லை. வைஸ்ராய்களின் பழக்கம் வேறு வடிவில் தொடர்ந்தது என்று கூறலாம். விடுதலை இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலர் கே.பி.எஸ். மேனன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கையில் இந்திய அரசின் ஏஜென்டாக இருந்து, தோட்டத் தொழிலாளரான தமிழர்களின் நிலையை நேரில் கண்டவர்.

1955-ல் செயலராக வந்தவர் சுபிமல் தத். சிட்டகாங் பகுதியில் பிறந்த வங்காளி. தேசப் பிரிவினையில் அவர் பிறந்த மண் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அவர் பதவிக் காலத்தில்தான் பேருபாரி விவகாரம் வெடித்தது என்பது விதியின் விளையாட்டு.

ஜல்பாய்குரி மாவட்டத்தில் 8.75 சதுர மைல் பரப்புள்ள சிறு பகுதி பேருபாரி. ராட்கிளிஃப் எழுதிய எல்லை வர்ணனையில் ஏற்பட்ட குழப்பத்தால் பாகிஸ்தான் அதற்கு உரிமை கோரியது. 1958 செப்டம்பரில் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பிரோஸ் கான் நூனும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள உடன்பட்டனர். மேற்கு வங்கம் கொதித்தெழுந்தது. பி.சி. ராய் தலைமையிலான காங்கிரஸ் அரசு இருந்தும் சட்டப்பேரவை எதிர்ப்புத் தெரிவித்தது. பிரச்சினை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. இந்திய மண்ணை அயல்நாட்டுக்கு அளிக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று 1960-ல் நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே 9-வது திருத்தம் நிறைவேறியது. ஆனால் வழக்குகளாலும் எதிர்ப்பாலும் நிலம் கைமாறவே இல்லை. 1974 மே 16-ல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பேருபாரி இந்தியாவிடமே இருக்கட்டும் என்று முடிவானது. மாற்றாக, 178 மீட்டர் நீளமும் 85 மீட்டர் அகலமும் கொண்ட தீன் பிகா வழித்தடம் வங்கதேசத்துக்குக் குத்தகையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அடுத்த மாதமே, 1974 ஜூனில், கச்சத்தீவு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்படவில்லை. சர்ச்சைக்குரிய பகுதியின் எல்லையை வரையறுத்ததே அன்றி நிலத்தை அளித்தது அல்ல என்பது மத்திய அரசின் வாதம். இரண்டு ஒப்பந்தங்களின்போதும் வெளியுறவுச் செயலர் கேவல் சிங். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகத்தைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பெற்றுக்கொண்டவரும் அவரே. பேருபாரிக்குக் கிடைத்த நீதிமன்றக் கதவு கச்சத்தீவுக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி தமிழகத்தில் அரை நூற்றாண்டாக ஒலித்து வருகிறது.

இரண்டாவது பிறப்பு

1971-ல் கொல்கத்தா இன்னொரு நாட்டின் வெளியுறவுத் துறைக்கும் தொட்டில் ஆனது. ஏப்ரல் 17-ல் மெஹர்பூரின் மாந்தோப்பில் வங்கதேசத் தற்காலிக அரசு பதவியேற்றது. மறுநாள், பார்க் சர்க்கஸ் அருகே 9, சர்க்கஸ் அவென்யூவில் இருந்த பாகிஸ்தான் துணைத் தூதரகத்தில் பாகிஸ்தான் கொடி இறக்கப்பட்டது. துணைத் தூதர் ஹுசைன் அலியும் அங்கு பணியாற்றிய வங்காளி ஊழியர்களும் புதிய நாட்டின் கொடியை ஏற்றினர். அயல்மண்ணில் வங்கதேசத்தின் முதல் தூதரகம் அது. அந்த வீதிக்கு இப்போது வங்கபந்து ஷேக் முஜிப் சரணி என்று பெயர்.

தற்காலிக அரசின் தலைமையகமோ 8, தியேட்டர் சாலை. இன்றைய ஷேக்ஸ்பியர் சரணி. அரவிந்தர் பிறந்த இல்லமாகப் போற்றப்படும் கட்டடம் அது.

வெளியுறவுப் பொறுப்பு கோண்டகர் முஷ்டாக் அகமதுவிடம் இருந்தது. கொல்கத்தாவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்துடன் அவருடைய ஆட்கள் ரகசியமாகப் பேசியதை பின்னர் வெளியான அமெரிக்க ஆவணங்கள் காட்டுகின்றன. தற்காலிக அரசின் பிரதமர் தாஜுதீன் அகமது அவரை ஓரங்கட்டினார். விடுதலைக்குப் பின் அப்துஸ் சமத் ஆசாத் வெளியுறவு அமைச்சரானார். 1975 ஆகஸ்ட் 15-ல் முஜிபுர் ரஹ்மான் படுகொலை செய்யப்பட்டபோது அதிபர் நாற்காலியில் அமர்ந்தவர் அதே முஷ்டாக். வங்கதேசத்துக்கு இந்தியாவின் முதல் தூதராக 1972-ல் டாக்கா சென்றவர், அந்த மண்ணிலேயே பிறந்த சுபிமல் தத்.

கிளைச் செயலகம்

இந்தியாவின் வெளியுறவு அமைச்சராக வங்கத்தைச் சேர்ந்த பிரணாப் முகர்ஜி இருமுறை பதவி வகித்தார். 2006 முதல் 2009 வரையிலான இரண்டாவது முறையில் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவரது தொகுதியான ஜங்கிப்பூர், ஃபராக்கா அணைக்கு அருகில் உள்ளது.

அணையும் ஆறும் என்று வந்துவிட்டால் வெளியுறவு என்பது இங்கு உள்ளூர் விவகாரம். 1996 கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தத்துக்கு முன் முதல்வர் ஜோதி பாசு டாக்கா சென்று பேசி வந்தார். அதனால் வழி எளிதாயிற்று. 2011 செப்டம்பரில் நடந்தது வேறு. பிரதமர் மன்மோகன் சிங்குடன் டாக்கா செல்ல, முதல்வராகி நான்கு மாதமே ஆகியிருந்த மம்தா பானர்ஜி மறுத்துவிட்டார். வட வங்க விவசாயிகளுக்குத் தண்ணீர் குறையும் என்பது அவரது வாதம். தயாராக இருந்த தீஸ்தா ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. நீண்ட காலம் தண்ணீருக்குக் காத்திருந்த வங்கதேச உழவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாநிலத்தின் இசைவுடன் ஒரு பழைய சிக்கல் தீர்ந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் திட்டுகளும், இந்தியாவுக்குள் இருந்த 51 வங்கதேசத் திட்டுகளும் கைமாறின. இதற்காக அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் நிறைவேற்றப்பட்டது. பேருபாரி தீர்ப்பு காட்டிய வழி அது. எந்த நாட்டின் பள்ளியிலும் மருத்துவமனையிலும் உரிமையோடு நுழைய முடியாமல் 68 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அன்று குடியுரிமை கிடைத்தது. அப்போதைய வெளியுறவுச் செயலர், திருச்சியில் பிறந்த பாதுகாப்பியல் நிபுணர் கே. சுப்பிரமணியத்தின் மகன் எஸ். ஜெய்சங்கர். 2019 மே மாதம் அவர் அத்துறையின் அமைச்சரானார்.

துறை பிறந்த கொல்கத்தாவில் அதற்கு எஞ்சியிருப்பது ஒரு கிளைச் செயலகம். சென்னையிலும் ஐதராபாதிலும் உள்ளவற்றைப் போன்றதே அதுவும். வெளிநாடு செல்வோரின் சான்றிதழ்களுக்கு அங்கீகார முத்திரை பெறுவதும் இத்தகைய அலுவலகங்கள் வழியேதான்.

1996 டிசம்பர் 12-ல் தில்லியில் கையெழுத்தான கங்கை ஒப்பந்தத்தின் ஆயுள் 30 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி அது முடிவடைவது 2026 டிசம்பரில். ஃபராக்காவில் பகிரப்படும் தண்ணீரின் மறு பங்கு, ஹூக்ளி வழியே வில்லியம் கோட்டையைக் கடந்துதான் கடலுக்குச் செல்கிறது.